அன்று புளியமரம், இன்று ஐந்து யூனிட்

பங்குனி உத்திரம் வந்தால் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கே இருந்தாலும் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிப் போய்விடும். சென்னையில் இருப்பவர், மும்பையில் இருப்பவர், பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் என எல்லோரும் அன்றைக்கு ஓரிடத்தில் நிற்பார்கள். கோயில் பெரும்பாலும் ஊருக்குள் இருக்காது. குளத்தங்கரையிலோ, பனங்காட்டுக்கு நடுவிலோ, தேரி மணல் ஓரத்திலோ இருக்கும். பக்கத்தில் லாட்ஜ் கிடையாது, மண்டபம் கிடையாது. ராத்தங்கல் வண்டியில்தான். வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிப் பயணம் போவது வெளிநாட்டுப் பழக்கம் என்று இப்போது வீடியோக்களில் சொல்கிறார்கள். எங்களுக்கு அது தாத்தா காலத்திலிருந்தே உண்டு. வண்டியும் வழியும்தான் மாறிவிட்டன.

1960-களில் நான் சிறுவன். தாத்தாவின் கூண்டு வண்டி வெயில் தாழ்ந்த பிறகுதான் புறப்படும். மதியமே சாமான்களைக் கட்டி வைத்தாலும் அவர் மாடு பூட்டமாட்டார். மூங்கிலை வளைத்துக் கட்டி மேலே பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். எங்களுக்கு மெத்தையும் அந்த வைக்கோல்தான், போய்ச் சேர்ந்த பிறகு மாட்டுக்குத் தீவனமும் அதுதான். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும். முன்னும் பின்னும் திறந்த கூண்டு என்பதால் வண்டி நகர்ந்தாலே காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். வண்டிக்காரருக்குத் தூக்கம் வந்தாலும் மாடுகள் வழி தவறாது. விடியும்போது கோயில் தெரியும்.

பங்குனி வெயில் அன்றும் கடுமையானதுதான். ஆனால் அந்த வெயிலில் நாங்கள் சாலையில் இருந்ததே இல்லை. பகல் முழுவதும் கோயில் ஆலமரத்தடியில். மாடுகளை அவிழ்த்து முளையில் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியிலேயே பத்தமடைப் பாயை விரித்துப் பெரியவர்கள் படுத்துவிடுவார்கள். ஈர மணலில் புதைத்த பானையில் தண்ணீர். பனையேறிகள் காலையில் இறக்கிய பதநீரைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். ஒரு பக்கம் பொங்கல் அடுப்பு எரியும். எதிர்ப்பக்கம் காற்று வரும் திசை பார்த்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். எந்த மரத்தடியில் எந்தக் குடும்பம் வண்டி விடும் என்பதுகூட வழிவழியாகத் தீர்மானமாகியிருந்தது.

போகிற வழியும் அப்படித்தான். கப்பி ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கிளை கோத்து நிற்கும். பகலெல்லாம் நிழலில் கிடந்த ரோடு என்பதால் இரவில் அது அனல் கக்காது. அங்கங்கே சுமைதாங்கிக் கல், சத்திரம், கோடையில் தண்ணீர்ப் பந்தல். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லித்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்த மரங்களைப் பற்றிப் பேசுவார்கள். அவர் பெயரில் மங்கம்மாள் சாலை என்றே தெற்கில் ஒரு சாலை உண்டு. நாங்கள் பார்த்த மரங்களை யார் நட்டிருந்தாலும், வழிப்போக்கனுக்குக் குளிர்ச்சி தர வேண்டியது சாலையின் கடமை என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். பணக்காரனின் வில்வண்டிக்கும் தலைச்சுமைக்காரனுக்கும் ஒரே புளியமரம்தான்.

பிறகு மெட்டடார் வேன் வந்தது. இரும்புத் தகட்டில் செய்த பெட்டி. நடுப்பகலில் புறப்பட்டு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் எல்லோரும் நடுப்பகலிலேயே புறப்பட்டோம். தகரக் கூரையில் கை வைக்க முடியாது. ஜன்னலில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு போவோம், பத்து நிமிடத்தில் துண்டு காய்ந்துவிடும். ராத்திரி அதற்குள் படுக்கவும் முடியாது. பகலில் குடித்த வெப்பத்தைத் தகடு இரவு பத்து மணிவரை திருப்பித் தந்துகொண்டே இருக்கும். கூண்டு வண்டியில் இல்லாத ஒரு பிரச்சினையை அந்த இரும்புக் கூடு கொண்டுவந்தது. இன்றுவரை கேரவன் கட்டுகிற அத்தனை பேரும் மல்லுக்கட்டுவது அதோடுதான்.

எங்கள் ஊரில் முதன்முதலாக ஏசி மாட்டியது ஒரு நகைக்கடை. பெரிய ஜன்னல் ஏசி. அதன் கம்பிரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கடைத்தெருவின் விளக்குகள் ஒரு நொடி மங்கிப் பிரகாசமாகும். பக்கத்து டீக்கடைக்காரர் அதைப் பார்த்தே, "ஐயா கடையில மெஷின் கெளம்பிருச்சு" என்பார். அந்த ஒரு நொடி மங்கலில் எவ்வளவு மின்னியல் இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தியபோதுகூட நான் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை. சொந்த வேனுக்குள் ஒரு வீட்டு ஏசியை ஓட்ட வேண்டிய நாள் வந்தபோதுதான் உணர்ந்தேன்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வியர்வை அதிகம் போனால் உடம்பில் உப்பு குறைந்து மயக்கம் வந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். சாஸ்தா கோயிலுக்கு வராமல் இருக்கவும் அவருக்கு மனமில்லை. அதனால் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, படுக்கையும் சின்ன அடுப்பும் கழிப்பறையும் வைத்துக் கட்டினோம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதை வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டால்தான் இன்ஷூரன்ஸ் தொடங்கி எல்லாம் சரியாக இருக்கும்.

வண்டியின் சொந்த ஏசி எஞ்சின் ஓடும்போது மட்டுமே ஓடும். ராத்திரி முழுக்க எஞ்சினை ஓடவிட்டுத் தூங்க முடியாது. லாரிகளுக்கென்றே பேட்டரியில் நேரடியாக ஓடும் ஏசிகள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் வழியில் பழுதானால் அதைப் பார்க்கத் தெரிந்தவர் கோவில்பட்டியில் கிடைப்பாரா, சாத்தூரில் கிடைப்பாரா? வீட்டு ஸ்பிலிட் ஏசியாக இருந்தால் எந்தச் சின்ன ஊரிலும் மெக்கானிக் உண்டு, உதிரிபாகம் உண்டு. நாங்கள் வீட்டு ஏசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பிதான் முதலில் அந்த நகைக்கடை விளக்கை நினைவுபடுத்தினார்.

"ஏசி ஓடுறதுல பிரச்சினை இல்ல அண்ணாச்சி. அது கெளம்புற நொடிதான் பிரச்சினை."

"எவ்வளவு இழுக்கும் தம்பி?"

"பழைய மாடல் ஒரு டன்னுன்னா ஓடும்போது அஞ்சு ஆம்பியர். கெளம்பும்போது இருவத்தஞ்சு, முப்பது. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா அந்த நேரத்துல உங்க பேட்டரி இன்வெர்ட்டர் படுத்துரும்."

நின்றுகொண்டிருக்கும் மோட்டாரைச் சுழலவைக்க, சுழன்றுகொண்டிருப்பதற்குத் தேவையானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் வேண்டும். மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்கிவிடும், தெரு விளக்கு மங்குவதோடு போய்விடும். வேனுக்குள் இருக்கும் 3 கேவிஏ இன்வெர்ட்டருக்கு அந்தத் தெம்பு கிடையாது. இதற்கு வழி இன்வெர்ட்டர் வகை ஏசி. அது கம்பிரசரைக் குறைந்த வேகத்தில் தொடங்கி மெதுவாக வேகமெடுக்க வைக்கும். கிளம்பும்போது பெரிய இழுப்பே இருக்காது. அறை குளிர்ந்த பிறகு நின்று நின்று கிளம்பாமல் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து நட்சத்திர ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஏறக்குறைய 1,000 வாட் எடுக்கும். அடங்கி ஓடும்போது 300 வாட்டுக்கு வந்துவிடும். ஏசிக்குள் இருக்கும் இந்த இன்வெர்ட்டர் வேறு, பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் வேறு. வேனுக்கு இரண்டும் வேண்டும். பின்னது சைன் வேவ் வகையாகவே இருக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் விலை குறைவென்று பல வீடுகளில் வாங்கி வைத்த ஸ்கொயர் வேவ் பெட்டிகள் ஃபேனை உறுமலோடு ஓட்டும். ஏசியின் போர்டுக்கு அவை ஆகாது.

அடுத்தது வோல்ட்டேஜ். வண்டியின் பேட்டரி 12 வோல்ட் என்பதால் எல்லாவற்றையும் 12 வோல்ட்டிலேயே கட்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,000 வாட் ஏசிக்கு இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 95 ஆம்பியர் ஓடும். அதையே 48 வோல்ட்டில் கட்டினால் 24 ஆம்பியர்கூட வராது. கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கம்பியில் மின்னோட்டம் நாலில் ஒரு பங்கானால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. 95 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும் இடத்தில் ஒரு நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தாலும் அந்த இடம் பழுத்துவிடும். மரப்பலகையும் மெத்தையும் நிறைந்த வண்டியில் அது கூடவே கூடாது. நாங்கள் 48 வோல்ட்டில் கட்டினோம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தோம்.

பேட்டரியில் பெரும்பாலோர் முதலில் நினைப்பது வீட்டு யூபிஎஸ்ஸுக்கு வாங்கும் டியூபுலர் பேட்டரியைத்தான். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அதுதான் நம் வீடுகளைக் காப்பாற்றியது. மாவட்ட ஊர்களில் பகலும் இரவுமாகப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த நாட்களை மறக்க முடியாது. ஆனால் அந்த பேட்டரி ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் உரியது. 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட். அப்படி நான்கு வைத்தால் எடை 200 கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், குண்டும் குழியுமான ரோட்டில் ஆசிட் தளும்பும். படுத்துத் தூங்கும் இடத்தில் இதை வைக்க முடியாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றிலேயே 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. எடை ஏறக்குறைய 50 கிலோ. தொண்ணூறு சதவீதம்வரை தைரியமாகப் பயன்படுத்தலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

ஐந்து யூனிட்! வீட்டில் இதை யார் எண்ணுகிறோம்? இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம், மீதிக்கு பில் வரும்போது பார்த்துக்கொள்வோம். வேனில் அப்படி இருக்க முடியாது. அம்மாவின் இரவுத் தூக்கத்துக்கு எட்டு மணி நேரம். ஏசி அடங்கி ஓடி சராசரியாக 350 வாட் எடுத்தால் 2.8 யூனிட். இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 3.5 யூனிட்டுக்குள் முடியும். ஆனால் அந்த 'அடங்கி ஓடுவது' வண்டி வெப்பத்தைத் தடுத்தால்தான் நடக்கும். தடுக்கவில்லையென்றால் ஏசி முழு வேகத்திலேயே நிற்கும், நாலரை மணி நேரத்தில் பேட்டரி காலி.

அதனால்தான் கேரவனில் ஏசியைப் பற்றிக் கேட்கும் எல்லோரிடமும் நான் தகட்டைப் பற்றிப் பேசுகிறேன். குளிர்ச்சியைக் காப்பது மின்சாரம் மட்டுமல்ல என்பதற்குச் சென்னைக் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. 1842-இல் ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் கம்பெனி கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். மாசசூசெட்ஸ் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் வெப்பமண்டலக் கடல் கடந்து மெட்ராஸில் விற்றார்கள். வழியில் எந்த இயந்திரமும் அதைக் குளிர்விக்கவில்லை. மரத்தூள்தான் காத்தது. இன்று நாம் ஒரு டன் ஏசி என்று வாங்குவதும் அந்தப் பனிக்கட்டிக் கணக்குத்தான். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவை, அதாவது சுமார் 3,500 வாட்டை, இழுத்து வெளியே தள்ளும் திறன். அந்த மரத்தூளை மறந்துவிட்டுப் பனிக்கட்டியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எந்த பேட்டரியும் போதாது.

கூரை, பக்கத் தகடு, தரை மூன்றுக்கும் உள்ளே ரப்பர் ஃபோம் ஷீட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்தோம். கூரைக்கு வெளியே வெள்ளை பெயிண்ட். டிராவலரின் பெரிய கண்ணாடி ஜன்னல்கள்தான் வெப்பம் நுழையும் பெருவாசல். தேவையில்லாதவற்றை மூடினோம், மீதிக்கு அலுமினியத் தாள் ஒட்டிய திரை. ஓட்டுநர் பக்கத்தையும் படுக்கைப் பகுதியையும் தடித்த திரையால் பிரித்துவிட்டோம். குளிர்விக்க வேண்டிய இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தூங்குகிற மனிதர் ஒருவரே எழுபது, எண்பது வாட் வெப்பம் தருகிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏசியை 26 அல்லது 27 டிகிரியில் வைத்துச் சின்ன ஃபேனை ஓடவிட்டால் போதும். 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அரசு விதி செய்திருக்கிறது. வேனில் அதற்கும் மேலே இரண்டு டிகிரி ஏற்றினால் பேட்டரிக்கு ஆயுள் கூடும்.

வெளி யூனிட்டை வண்டியின் பின்பக்கம் ரப்பர் புஷ் வைத்த சட்டத்தில் மாட்டினோம். வீட்டுச் சுவர் ஆடாது, வண்டி ஆடும். செம்புக் குழாயை நேராக இழுத்து மாட்டினால் அதிர்விலேயே வெடிப்பு விழும். இரண்டு சுற்றுச் சுற்றி விட்டால் அந்தச் சுருள் அதிர்வை வாங்கிக்கொள்ளும். குழாய் இணைப்புகளை நீண்ட பயணத்துக்குப் பிறகு சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். இப்போதைய ஏசிகளில் வரும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றக்கூடியது, சின்ன அறைக்குள் கசியவிடக் கூடாது. சுவருக்கென்று செய்த பொருளை வண்டியில் மாட்டிவிட்டு கம்பெனியிடம் வாரண்டி எதிர்பார்க்கவும் கூடாது.

இனி அந்த ஐந்து யூனிட்டைத் திரும்ப நிரப்ப வேண்டுமே. கூரையில் 540 வாட் சோலார் பேனல் இரண்டு நீளவாக்கில் பொருந்தும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நல்ல நாளில் நாலு யூனிட் தரும். படுக்கையாக மாட்டியிருப்பதாலும் பேனல் சூடாவதாலும் கொஞ்சம் குறையும். 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் மூன்றில் ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்கும். பங்குனி நடுப்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். இருந்தாலும் கணக்கு ஓரளவு நேராகிறது. ஆனால் கணக்கு நேரானால் போதாது. பேனலுக்கு வெயில் வேண்டும், அம்மாவுக்கு நிழல் வேண்டும்! ஆலமரத்தடியில் வண்டியை விட்டால் உள்ளே இதம், கூரையில் மின்சாரம் இல்லை. கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி பாதிக்குப் பாதி சரியும். வெயிலில் விட்டால் பேனல் அள்ளித் தரும், தந்ததையெல்லாம் சுட்ட தகட்டைக் குளிர்விக்க ஏசியே தின்றுவிடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி விட்டதில் கொஞ்சம் பலன் உண்டு. பேனலே கூரைக்குப் பந்தலாகிறது. மற்றபடி, தாத்தா எந்த மரத்தைத் தேடி வண்டியை விட்டாரோ அந்த மரத்திலிருந்து வண்டியை விலக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. அதுவும் குளிர்ச்சிக்காக. என் மனம் ஆறாத இடம் இது.

ஓடும்போது வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு சார்ஜர் வைத்து 35, 40 ஆம்பியர் இழுத்தால் மணிக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நாலு மணி நேரம் ஓட்டினால் பாதி இரவுக்கு ஆகும்.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரு ஜெனரேட்டர் வைத்தால் தீர்ந்தது என்பார்கள். சினிமா கேரவன்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நடந்ததை மறக்கக் கூடாது. சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தரையின் ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிட்டது. அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாது. ஏசிக்காகக் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்த பெட்டிக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். வேலை முடிந்து சற்றுக் கண்ணயர்ந்த இரண்டு உயிர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றே ஜெனரேட்டர் என்ற பேச்சை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டினோம். நம் வண்டியில் ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் பக்கத்து வண்டியில் இருக்கலாமே.

கோயிலிலும் ஜெனரேட்டர் பேச்சு வந்தது. மைக் செட் போட வந்திருந்த தம்பி பிரியமாகக் கேட்டார், "அண்ணாச்சி, ஆத்தாவுக்கு வேர்க்குதுன்னா நம்ம ஜெனரேட்டர்ல இருந்து ஒரு வயர் இழுத்துக்கிடுங்க." நல்ல மனசு. ஆனால் சீரியல் லைட்டுக்கு இழுத்த மெல்லிய வயர், ஏறி இறங்கும் வோல்ட்டேஜ், எர்த் கிடையாது. டயரில் நிற்கும் வண்டிக்கு பூமியோடு தொடர்பில்லை. எங்காவது வயர் உரசித் தகட்டில் மின்சாரம் வந்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவர்தான் அந்தத் தொடர்பாவார். வெளி மின்சாரம் எடுப்பதென்றால் எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் எடுக்கக் கூடாது. அவருக்கு நன்றி சொல்லி எங்கள் பேட்டரியிலேயே ஓட்டினோம். அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார். விடிந்தபோது பேட்டரியில் கால்வாசிக்கு மேல் மீதி இருந்தது. பொங்கல் வைக்கும் இடத்துக்கு அவரே நடந்து வந்தார். பட்ட பாடு அத்தனைக்கும் எனக்கு அது போதும்.

திரும்பும்போது நான்குவழிச் சாலையில் நிழல் தேடியபடியே வந்தேன். அகலப்படுத்தியபோது வெட்டிய புளியமரங்களுக்குப் பதில் நடுத்திட்டில் அரளி பூத்து நிற்கிறது. கண்ணுக்கு அழகு, ஆனால் அதன் நிழலில் ஓர் ஆள்கூட உட்கார முடியாது. மதியம் லாரி ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். 2025-இல் இருந்து புதிதாக வரும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் என்று விதி வந்திருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் அதுவும் எஞ்சின் ஓடினால்தான். வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவருக்கு என்ன இருக்கிறது? எனக்கு ஒரு பேட்டரி வாங்க முடிந்தது. வாங்க முடியாதவருக்கு அன்றைக்கு இருந்த மரமும் இன்று இல்லை.

நெடுஞ்சாலை ஆணையம் சாலையோர வசதி மையங்களைக் கட்டி வருகிறது. மின்சார வண்டிகளுக்கு சார்ஜர்களும் வைக்கிறார்கள். அதே இடத்தில் சரியான எர்த்தோடும் மீட்டரோடும் நாலு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைப்பது பெரிய செலவு இல்லை. ஒரு வேனின் இரவுத் தூக்கத்துக்கு நாலு யூனிட் போதும். அது கிடைத்தால் யாரும் ஜெனரேட்டரோடு கதவடைத்துத் தூங்க வேண்டியதில்லை. பேனலுக்காக வெயிலில் நிற்க வேண்டியதும் இல்லை. கூடவே வண்டிகள் நிற்கும் இடத்தில் வரிசையாகப் புங்கையும் வேம்பும் புளியும் நட வேண்டும். மரம் எல்லா ஓட்டுநருக்கும் பொது. மின்சாரத்துக்கு யூனிட் விலையை போர்டில் எழுதி வைத்துக் காசு வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.